நீண்ட வரியே ஜயிக்கும்

தாராபுரத்து அத்தை சென்ற மாதம் எங்கள் வீட்டுக்கு வந்தவள், வாசற்படியில் நின்றபடியே, "ஏன் கண்ணு, கண்ணாலப் பத்திரிகை எங்களுக்கு ஒண்ணு வைக்கோணும்னு தோணலையா?" என்று கேட்டாள். நேரில் போய் வைக்காமல் தபாலில் சேர்த்தது என் முதற்பிழை. விலாசத்தில் 641 என்று எழுதியது இரண்டாவது பிழை. கல்யாணம் முடிந்து நாலாம் நாள்தான் அது போய்ச் சேர்ந்ததாம்.

தாராபுரம் திருப்பூர் ஜில்லாவில் இருக்கிறது, திருப்பூருக்கு 641, ஆகவே தாராபுரத்துக்கும் 641 என்று பள்ளிக்கூடத்து வாத்தியாராகிய நான் கணக்குப் போட்டுவிட்டேன். உண்மையில் அவ்வூர் 638656, ஈரோட்டு வரிசை. காங்கயமும் அப்படியே. உடுமலைப்பேட்டையோ பொள்ளாச்சியோடு சேர்ந்து 642. 2009-இல் ஜில்லா புதிதாய்ப் பிறந்தது. எண்கள் இருந்த இடத்திலேயே இருந்துவிட்டன.

ஸம்ஸ்கிருதக் கவியுமான ஸ்ரீராம் பிகாஜி வேலணகர் வகுத்துத் தந்து, 1972 ஆகஸ்டு 15-ந் தேதி நடைமுறைக்கு வந்த ஏற்பாடு இது. டில்லியில் கடிதம் பிரிப்பவர் நம் தெருவை அறிய வேண்டியதில்லை. 6 என்றால் தமிழ்நாடு, கேரளம். அவ்வளவு தெரிந்தால் தெற்கே போகும் பையில் போட்டுவிடலாம். சென்னையில் 64 என்பதற்கு ஒரு பையும், நீலகிரியின் 643-க்குத் தனிப் பையும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். உதகமண்டலத்துக் கடிதத்தின் 643001 இரண்டுக்கும் பொருந்துகிறதே, எதில் போடுவது? அதிக இலக்கம் பொருந்துகிற பையில்தான்!

இணையம் நடப்பதும் இந்த ஒரு விதியினால்தான். நாம் அனுப்பும் செய்தி சிறு சிறு பொட்டலங்களாக நறுக்கப்பட்டு, ஒவ்வொன்றின் தலையிலும் விலாசம் எழுதப்படுகிறது. ஒன்றும் சுன்னமுமாக 32 இலக்கங்கள். அதில் சுமார் 429 கோடி விலாசங்கள் அடங்கும். சந்திக்குச் சந்தி நிற்கும் ரௌட்டர் என்னும் யந்திரம் அத்தனையையும் எழுதி வைத்துக்கொள்வதில்லை. விலாசங்களின் முன்பகுதிகளை மட்டும் அட்டவணையாக்கி, 'இப்படித் தொடங்கினால் இந்த வழி' என்று குறித்து வைத்திருக்கிறது. பெரிய ரௌட்டர்களில் அதுவே பத்து லக்ஷம் வரியளவுக்கு வருகிறது.

அவகாசமோ மிகக் குறைவு. விநாடிக்கு 100 ஜிகாபிட் சுமக்கும் கண்ணாடி இழை ஒன்றில், மிகச் சிறிய பொட்டலங்களாகவே வந்தால், விநாடிக்கு 14 கோடிக்கு மேல் வந்து விழும். எல்லா வரிகளோடும் ஒரே சமயத்தில் ஒப்பிட்டுப் பார்க்கும் விசேஷ நினைவகச் சில்லுகள் உண்டு. ஆனால் விலையும் அதிகம், மின்சாரப் பசியும் அதிகம். பம்பாய் ஐ.ஐ.டி.யில் படித்த ஜார்ஜ் வர்கீஸும் அவருடைய தோழர்களும் 1997-இல் ஓர் அழகிய யுக்தியை வெளியிட்டார்கள். முன்பகுதிகளை நீளவாரியாக 32 பெட்டிகளில் போடு. முதலில் நடுப்பெட்டியான 16-ஐப் பார். பொருந்தினால் அதைவிட நீண்டவற்றின் நடுவே போ. பொருந்தாவிட்டால் குட்டையானவற்றின் நடுவே போ. அகராதியை நடுவில் பிரித்துச் சொல் தேடுகிறோம் அல்லவா, அதே கதை. நீண்ட வரி மேலே இருக்கிறதென்று சொல்லக் குட்டைப் பெட்டிகளில் குறி போட்டு வைக்க வேண்டும். இல்லையேல் யுக்தி பலிக்காது. ஐந்தே பார்வையில் வேலை முடியும். 128 இலக்கமுள்ள புதிய விலாசங்களுக்கும் ஏழு பார்வை போதும்.

ஆனால் நீண்ட வரியைச் சொன்னவர் யார் என்று இந்த விதி கேட்பதில்லை. 2008 பிப்ரவரி 24-ந் தேதி, அரசாங்க உத்தரவின்படி யூட்யூபைத் தன் நாட்டில் தடுப்பதற்காக, பாகிஸ்தான் டெலிகாம் 24 இலக்க வரி ஒன்றைப் போட்டது. உள்ளூரில் நிற்க வேண்டிய அந்த வரி, ஹாங்காங் கம்பெனியொன்றின் வழியாக உலகமெங்கும் பரவிவிட்டது. யூட்யூபின் சொந்த வரிக்கோ 22 இலக்கந்தான். உலகத்து ரௌட்டர்கள் நீண்டதை நம்பிப் பொட்டலங்களைப் பாகிஸ்தானுக்கே திருப்பின. இரண்டு மணி நேரத்துக்கு மேல் இந்தக் கூத்து நடந்தது. யூட்யூபும் ஒரு 24 போட்டுப் பார்த்தது, அது சமபலம். பிறகு அதை இரண்டாக வகுத்து 25 இலக்க வரிகள் இரண்டைப் போட்டது! ஹாங்காங் கம்பெனி அந்தத் தப்பு வரியை நிறுத்திய பிறகே முழு அமைதி உண்டாயிற்று.

அத்தையிடம் இவ்வளவையும் விஸ்தாரமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அடுத்த கண்ணாலத்துக்கு நேர்ல வந்து வெச்சுரு கண்ணு" என்றாள்.