மரமாளிகையும் மறுநடவும்

மரத்தின் உபயோகம் பெருகினால் காடு அழியும் என்பது பொதுஜனங்களின் அபிப்பிராயம். பல தேசங்களில் அஃது அனுபவத்தில் மெய்யாகவும் ஆயிற்று. ஆயினும், வெட்டிய இடத்தில் மீண்டும் நடுதல் தவறாத தேசத்தில், மரத்திற்குள்ள கிராக்கியே காட்டிற்குக் காவலாக நிற்பதும் உண்டு. ஸ்வீடன் தேசத்தின் வடபகுதியிலுள்ள ஷெலெஃப்டியோ என்னும் சிறு நகரம் இதற்குத் தக்க திருஷ்டாந்தமாகும்.

அந்நகர சபையார் நூல்நிலையம், நாடகசாலை, பொருட்காட்சிசாலை, சித்திரசாலை ஆகியவற்றை ஓரிடத்தில் அமைக்கக் கருதி, 20 அடுக்குள்ள மாளிகையொன்றை மரத்தால் எழுப்பினர். மேலடுக்குகளில் பிரயாணிகள் விடுதி இருக்கிறது. 2021-ம் வருஷம் திறக்கப்பட்ட அக்கட்டடத்தின் உயரம் ஏறக்குறைய 75 மீட்டர். அதாவது சுமார் 246 அடி. அப்பிரதேசத்தில் பிறந்த நாவலாசிரியை சாரா லிட்மனின் பெயர் அதற்கு இடப்பட்டிருக்கிறது. அஸ்திவாரம் கான்கிரீட்டால் ஆனது. அகன்ற கூடத்தின் மேலுள்ள சில உறுப்புகளில் எஃகும் கலந்துள்ளது. எனினும் பாரத்தைச் சுமப்பது பெரும்பாலும் மரமே. சுற்றுப்புறக் காடுகளில் வெட்டிய மரம் 12,000 கன மீட்டருக்கு மேல் இதற்குச் செலவாயிற்று.

இவ்வளவு உயரத்தை மரம் தாங்குமோ என ஐயுறுவோர் உளர். மரம் நாரின் குறுக்கே விரிந்து சுருங்கும். நெடுகே அவ்வாறு ஆவது மிகச் சொற்பம். ஆதலின் பலகைகளை வரிசையாகப் பரப்பி, அடுத்த வரிசையைக் குறுக்காக வைத்து, பசையிட்டு அழுத்துகின்றனர். ஒரு வரிசை நெளிய முற்பட்டால் மற்றொன்று அதனைத் தடுக்கும்.

தீயைப் பற்றிய அச்சமோ பழமையானது. 1888-ம் வருஷம் ஜூன் மாதம் 25-ந் தேதி, ஒரே நாளில், ஸ்வீடனின் சுண்ட்ஸ்வால், ஊமியோ என்னும் இரு நகரங்கள் தீக்கிரையாயின. இரண்டு அடுக்கிற்கு மேல் மரக்கட்டடம் கட்டுதல் நெடுங்காலம் விலக்கப்பட்டிருந்தது. 1994-ம் வருஷத்தில்தான் அத்தடை நீங்கிற்று. பருத்த உத்திரம் மெல்லிய சட்டத்தைப்போல் விரைவில் எரிந்துவிடாது. அதன் மேற்புறம் கரியாகும். நிமிஷத்திற்குச் சுமார் 0.7 மில்லிமீட்டர் வீதமே தீ உட்புகும். அக்கரியே உள்மரத்திற்குக் கவசமாகும். அவ்வாறு கரியாவதற்கும் இடம் விட்டே உத்திரத்தின் கனம் நிச்சயிக்கப்படுகிறது.

இம்மாளிகையின் பெருமை கட்டட நிபுணர்களுக்கு மட்டும் உரியதன்று. குளிர் மிகுந்த அப்பகுதியில் ஸ்புரூஸ், பைன் மரங்கள் முதிர்வதற்கு 80 முதல் 100 வருஷமும், அதற்கு மேலும் செல்லும். ஆகவே பேரன் வெட்டும் மரம் பாட்டன் காலத்தில் காக்கப்பட்டதே. மரம் வெட்டியவர் அவ்விடத்தில் மீண்டும் காடு வளரச் செய்தல் வேண்டுமென அங்கு 1903-ம் வருஷத்திலேயே சட்டம் பிறந்தது. அத்தேசத்துக் காட்டில் ஏறக்குறையப் பாதி தனிப்பட்ட குடும்பங்களுக்குச் சொந்தம். நகர சபை போன்ற பொது ஸ்தாபனம் அருகிலுள்ள மரத்தை வாங்கும்போது, அப்பணம் ஜில்லாவிலேயே தங்குவதுடன், அடுத்த நடவிற்கும் ஊக்கமளிக்கிறது. உலர்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி கரியே. காற்றிலிருந்து மரம் இழுத்த அக்கரி, கட்டடம் நிற்குமளவும் அதனுள் அடங்கியிருக்கும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. காட்டை ஒரே வீச்சாக மொட்டையடித்து, ஒரே ஜாதி மரத்தை நடுவதால், பழைய காட்டையே நம்பிய பூஞ்சைகளும் பறவைகளும் குறைகின்றன. கலைமான் மேய்க்கும் சாமி மக்களின் மேய்ச்சலும் கெடுகிறது. இவ்வாட்சேபம் நியாயமானதே. விளைச்சலுக்கும் இயற்கைப் பாதுகாப்பிற்கும் சமமான மதிப்பு அளிக்கும் சட்டம் 1993-ல் இயற்றப்பட்ட பின்னரும் வழக்கு ஓய்ந்தபாடில்லை. நட்ட மரங்களின் எண்ணிக்கை மட்டும் காடாகிவிடாது.

ஆதலின் மரமாளிகையைப் புகழுமுன், அதன் மரம் வந்த நிலத்தை நோக்குதல் வேண்டும். வெட்டிய இடத்தில் இளங்கன்று நின்றால் அம்மாளிகை நாட்டிற்கு ஆஸ்தி. அங்கு வெறுந்தரை கிடந்தால் அஃது எத்தனை அடுக்காயினும் கடனே. நிலமுடையோர் வெட்டுவதற்கு முன்பே மறுநடவிற்குரிய கன்றையும் பொருளையும் ஒதுக்கி வைப்பதும், கிராம அதிகாரிகள் வெட்டின் கணக்கோடு நடவின் கணக்கையும் கேட்டறிவதும், எந்நாட்டிற்கும் பொருந்திய முறையாகும்.