தாமதத்துக்கு விலை நமக்கு மட்டுமா?

மறுபடியும் கெடு நீட்டிப்பு. கம்பெனிகள் தங்கள் ஆண்டுக் கணக்கையும் ஆண்டறிக்கையையும் பதிவாளரிடம் தாக்கல் செய்ய டிசம்பர் 31 வரை அவகாசம் என்று 2025 அக்டோபரில் ஒரு சுற்றறிக்கை சொன்னது. அந்தக் கெடு முடிய ஒரே நாள் இருக்கும்போது, டிசம்பர் 30 அன்று, 2026 ஜனவரி 31 வரை கூடுதல் கட்டணம் இல்லை என்று இன்னொரு சுற்றறிக்கை வந்தது. கம்பெனி விவகார அமைச்சகத்தின் கருணைக்கு நன்றி. ஆனால், இந்தக் கருணைக்கு அவசியம் ஏன் வந்தது? இந்தப் படிவங்களைத் தாக்கல் செய்யும் ‘எம்.சி.ஏ.21’ இணையதளத்தின் மூன்றாம் பதிப்பில் கடைசித் தவணையாக 38 படிவங்களை 2025 ஜூலை 14 அன்று ஏற்றினார்கள். பழைய படிவங்களை அதற்கு முன்பே மூடியாயிற்று. புதியவற்றோடு மல்லுக்கட்டிய ஆடிட்டர்களும் கம்பெனி செக்ரட்டரிகளும் அவகாசம் கேட்டுக் கெஞ்ச வேண்டியிருந்தது. 2023 ஜனவரியில் முந்தைய தவணையை ஏற்றியபோதும் இதே கூத்துதான். வீட்டை இடித்துக் கட்டுகிறவன் குடியிருப்பவர்களுக்கு மாற்று இடம் பார்த்து வைப்பான். இங்கே கூரையைப் பிரித்த பிறகுதான் மழைக்காலம் என்பதே நினைவுக்கு வருகிறது.

கெடு தவறினால் என்ன ஆகும் என்பதைப் பார்த்தால்தான் எரிச்சலின் காரணம் புரியும். ஒரு படிவத்துக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய். 2018 ஜூலையிலிருந்து இதுதான் விதி, உச்சவரம்பு கிடையாது. கணக்கு ஒன்று, ஆண்டறிக்கை ஒன்று, ஆக 200 ரூபாய். மும்பைப் பெருநிறுவனத்துக்கும் அதே 200. உத்திரமேரூர் வட்டாரத்தில் ஏரிப்பாசன விவசாயிகள் பங்கு போட்டுத் தொடங்கும் உழவர் உற்பத்தியாளர் கம்பெனிக்கும் அதே 200. அரசுக் கொள்முதல் நிலையத்தில் 2025-26 பருவத்துக்குச் சாதாரண ரக நெல் குவிண்டால் 2,500 ரூபாய். 40 கிலோ மூட்டைக்கு 1,000. அதாவது ஐந்து நாள் தாமதத்துக்கு ஒரு மூட்டை நெல். ஓராண்டு தவறினால் 73 மூட்டை. பெருநிறுவனத்தின் வரவேற்பறையில் பூச்சாடிக்கு ஆகும் செலவு, இங்கே ஒரு குடும்பத்தின் அறுவடை.

“இதையெல்லாம் ஆடிட்டர் பார்த்துக்கொள்வார், விவசாயிக்கு என்ன கவலை?” என்று கேட்பார்கள். ஆடிட்டருக்குக் கூலி கொடுப்பது யார்? முன்பு படிவத்தை இறக்கிவைத்து, மின்சாரமும் இணையமும் இருக்கும் நேரத்தில் நிரப்பி, ஒரே மூச்சில் ஏற்றிவிடலாம். இப்போது இணையதளத்திலேயே நிரப்ப வேண்டும். பிறகு இறக்கி, டிஜிட்டல் கையொப்பமிட்டு, மறுபடி ஏற்ற வேண்டும். பதிவு அலுவலகத்தின் பெயர்ப்பலகை தெரியும்படி புகைப்படம் வேறு கேட்கிறது புதிய ஆண்டறிக்கை. இணைய வேகம் நிலையாக இல்லாத ஊரில் இந்த ஒவ்வொரு படியும் ஒரு வேலை நாளைத் தின்னும். அந்த நாளுக்கும் சேர்த்துத்தான் ஆடிட்டரின் பில் வரும்.

“அபராதம் இல்லாவிட்டால் எவன் கணக்குக் காட்டுவான்?” என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்விதான். பெயருக்கு மட்டும் இருந்த கம்பெனிகள் பெருகியதால்தான் 2017-ல் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட இயக்குநர்கள் தகுதியிழந்தார்கள். மூன்றாண்டு தொடர்ந்து கணக்குக் காட்டாவிட்டால் ஐந்தாண்டு இயக்குநராக முடியாது என்ற விதியை நாம் எதிர்க்கவில்லை. கணக்குக் காட்டாதவன் பொறுப்பில் இருக்கக் கூடாது என்பதை உத்திரமேரூருக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதும் இல்லை. பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் வெட்டிய குடவோலைக் கல்வெட்டுகள் அதைத்தான் சொல்கின்றன: வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரும் அவன் உறவினர் பெயரும் குடத்தில் விழக் கூடாது. கால் வேலி நிலமும் வேத அறிவும் கேட்ட சபை அது. அதை முழு ஜனநாயகம் என்று கொண்டாட நாம் வரவில்லை. ஆனால் அந்தச் சபை, விதியை ஊர் நடுவே, ஊர்க்காரன் பேசும் தமிழில், கல்லில் வெட்டி வைத்தது. கெடுவுக்கு முதல் நாள் சுற்றறிக்கை விடவில்லை. 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமர் பெருமையோடு சொன்ன ஊர் இதுதான். அந்த ஊர் விவசாயி, தான் இயக்குநராகக் கையொப்பமிடும் படிவத்தைத் தமிழில் படிக்க முடியாது. படிக்க முடியாததில் கையொப்பமிடச் சொல்லி, பிழைக்கு அவரையே பொறுப்பாக்குவது எந்த ஊர் நியாயம்?

நல்லதையும் சொல்லிவிடுகிறோம். இயக்குநர்கள் ஆண்டுதோறும் செய்துவந்த கே.ஒய்.சி. சடங்கை மூன்றாண்டுக்கு ஒரு முறை போதும் என்று அந்தக் கெடு நீட்டிப்பு வந்த அதே வாரம் மாற்றினார்கள். ஆக, மனம் வைத்தால் முடியும். சட்டத்திலும் வழி இருக்கிறது: கம்பெனிகள் சட்டத்தின் 446-பி பிரிவு உற்பத்தியாளர் கம்பெனிகளுக்கும் சிறு கம்பெனிகளுக்கும் தண்டத்தொகையைப் பாதியாக்குகிறது. அந்த இரக்கம் நாளொன்றுக்கு 100 ரூபாய்க்கு மட்டும் ஏன் எட்டவில்லை? 10,000 உழவர் உற்பத்தியாளர் அமைப்புகள் என்று 2020-ல் 6,865 கோடி ரூபாய் திட்டம் அறிவித்துவிட்டு, ஒரு கையால் கொடுப்பதை மறு கையால் வாங்குவது என்ன கணக்கு?

நாம் கேட்பது மூன்றுதான். இணையதளம் படுத்த நாள்கள் கெடுவில் சேராது என்பது சுற்றறிக்கையாக அல்ல, விதியாகவே வரட்டும். உற்பத்தியாளர் கம்பெனிகளின் தாமதக் கட்டணத்துக்கு ஓர் உச்சவரம்பு வேண்டும். படிவங்கள் தமிழிலும் பிற மாநில மொழிகளிலும் கிடைக்க வேண்டும். ஜனவரி 31 வரை நமக்குக் கொடுத்த அவகாசத்தைப் போல் ஒன்றை அமைச்சகமும் எடுத்துக்கொள்ளட்டும். கூடுதல் கட்டணம் கேட்க மாட்டோம்.