செய் என்னும் வினை

கோவையினின்று அன்னூர் வழியாகச் சத்தியமங்கலம் செல்லும் சாலையில் புன்செய்ப் புளியம்பட்டி உளது. ஈரோட்டை அடுத்து நஞ்சை ஊத்துக்குளி உளது. இவ்விரு பெயர்களிலும் வயலைக் குறிக்கும் 'செய்' என்னும் பழஞ்சொல் நிற்கிறது. அதே ஒலியுடைய 'செய்' என்னும் வினையோ கொங்கு நாட்டுப் பேச்சில் பெரும்பாலும் 'பண்ணு' என்பதற்கு இடங்கொடுத்து ஒதுங்கிவிட்டது. அவ்வினையின் பிறப்பைப் பற்றி யான் நெடுங்காலம் பிழைபட எண்ணியிருந்தேன்.

யான் தமிழாசிரியனாயிருந்த நாளில், திம்பம் மலைக்கு அப்பாலுள்ள தாளவாடிப் பகுதி மாணவன் ஒருவன் என் வகுப்பிற் பயின்றான். அவன் வீட்டுமொழி கன்னடம். "ஐயா, நிலத்தில் பாடுபடுவதை எங்கள் வீட்டில் 'கெய்' என்பார்கள்" என்றான் அவன். "அது நம் சொல்லின் சிதைவு" என்று கூறி அமர்த்திவிட்டேன். வகுப்பு நகைத்தது, யானும் நகைத்தேன்.

மாணவர்களே, அவன் கூறியதே பழைய ஒலி. தமிழிற் செவி எனப்படுவது கன்னடத்தில் கிவி. அவ்வாறே செய் என்பது கெய். தெலுங்கு இங்கே நம்மோடு சேர்ந்து 'சேயு' என்கிறது. மாறியது எவ்வெழுத்து? கேள், கெடு என்பன தமிழிலும் கன்னடத்திலும் ககரத்தோடே நிற்றலை நோக்குங்கள். இகர எகரங்களின் முன் நின்ற பழைய ககரம் தமிழிற் சகரமாயிற்று. அடுத்து ட, ள, ழ போல நாவை வளைத்து ஒலிக்கும் எழுத்து வந்தவிடத்துப் பெரும்பாலும் மாறாது நின்றது. சகரமே முந்தியதாயின், கேள் முதலியவற்றில் மட்டும் ககரம் ஏன் நின்றது என்பதற்கு விடை காண்டல் அரிது.

பர்ரோ, எமனோ என்னும் அறிஞர் இருவர் 1961-இல் வெளியிட்டு 1984-இல் திருத்திய திராவிடச் சொற்பிறப்பு அகராதி, இம்மூன்று வினைகளையும் ஒரே தலைப்பில் வைக்கிறது. வயலாகிய 'செய்' தனித் தலைப்பில் உளது. உழவன் செய்தமையால் நிலம் 'செய்' ஆயிற்று என்று கூற எனக்கு ஆசைதான். சான்றின்றிக் கூறலாகாது.

இதனால் தமிழுக்கு இழுக்கென்று சிலர் வருந்துவர். வருத்தம் வேண்டா. பழைய ககரத்தைக் காத்தது கன்னடம். அது பின்னர் இழந்த ழகரத்தைக் காத்தது தமிழ். உடன்பிறந்தார் இருவருள் ஒருத்தி தாயின் வளையலையும் மற்றொருத்தி தாயின் தோட்டையும் வைத்திருப்பது போன்றதே இது.

அவ்வகுப்பில் மீண்டும் நிற்பேனாயின், அம்மாணவனை அமர்த்தாது, "தம்பி, செவியை உங்கள் வீட்டில் என்னென்பர்? செந்நிறத்தை என்னென்பர்?" என்று வினவி, அவன் கூறும் கிவியையும் கெம்பையும் கரும்பலகையில் எழுதுவேன்.