காத்திருக்கவும் கட்டணமா?

ஏப்ரல், மே மாதங்களில் கத்திரி வெயிலைவிட அதிகமாகச் சில வீடுகளைச் சுடும் விஷயம் ஒன்று உண்டு. எம்.பி.ஏ. ரிசல்ட்! பரீட்சை ரிசல்ட்டைச் சொல்லவில்லை. அது எப்போதோ வந்துவிடும். எந்தக் கல்லூரியில் இடம் என்பதுதான் வராது.

நவம்பர் கடைசியில் கேட் தேர்வு. டிசம்பர் வாக்கில் மதிப்பெண். அப்புறம், யாரை நேர்காணலுக்குக் கூப்பிடுவது என்று பட்டியல். பிப்ரவரி, மார்ச்சில் நேர்காணல். ஏப்ரல், மே மாதங்களில் முடிவு. வெயிட்டிங் லிஸ்ட்டில் மாட்டிக்கொண்டால் ஜூன் வரை இழுக்கும். ஆக, ஏழு மாதம்! 2024-ல் கேட் தேர்வுக்குப் பதிவு செய்தவர்கள் சுமார் 3.29 லட்சம் பேர். எழுதியவர்கள் சுமார் 2.93 லட்சம் பேர். இவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு ஐ.ஐ.எம். கிடைக்காது என்பது ஊரறிந்த கணக்கு. அதில் எனக்குப் புகார் இல்லை. இடம் குறைவு, ஆள் அதிகம். போட்டி இருக்கத்தான் செய்யும்.

என் புகார், காத்திருக்கும் இந்தப் பிள்ளைகளிடம் காத்திருப்பதற்கே காசு வாங்குகிறார்களே, அதைப் பற்றியது.

எப்படி என்று கேட்கிறீர்களா? எந்தப் பிள்ளையும் ஐ.ஐ.எம்.களை மட்டும் நம்பி உட்கார்ந்திருப்பதில்லை. எக்ஸ்.ஏ.டி., ஸ்நாப், என்மேட் என்று வரிசையாகத் தேர்வுகள். ஒவ்வொன்றுக்கும் தனி விண்ணப்பம், தனிக் கட்டணம். 2024-ல் கேட் தேர்வுக்கு மட்டும் பொதுப் பிரிவினருக்கு 2,500 ரூபாய். சரி, தொலையட்டும். அடுத்த கட்டம்தான் கொடுமை. தனியார் கல்லூரிகள் பல, ஐ.ஐ.எம். முடிவு வருவதற்கு முன்பே 'உங்களுக்கு இடம் உண்டு, வாழ்த்துகள்' என்று மெயில் அனுப்பிவிடும். வாழ்த்துக்குக் கீழே ஒரு தேதி இருக்கும். அதற்குள் முதல் தவணை கட்ட வேண்டும். இல்லையென்றால் இடம் அடுத்தவருக்கு.

அன்று ராத்திரி அந்த வீட்டில் சாப்பாடு இறங்காது.

"கட்டிடலாமாப்பா?"

"ஐ.ஐ.எம். கிடைச்சுட்டா பணம் போயிடுமேடா?"

"கிடைக்கலேன்னா இதுவும் போயிடுமே!"

அம்மா பேசாமல் எழுந்து போய் பீரோவைத் திறப்பார்.

தராசில் ஒரு தட்டில் மட்டும் சரக்கை வைத்துவிட்டு, 'எடை சரியா இருக்கா, பார்த்துச் சொல்லு' என்றால் எப்படிச் சொல்வது? அந்தப் பையனைத்தான் இன்னும் வராத கல்லூரிக்கும் கையில் இருக்கும் கல்லூரிக்கும் நடுவே 'யோசித்து முடிவெடு' என்கிறார்கள். அவன் யோசித்துவிடக் கூடாது என்பதற்காகத்தானே அந்தத் தேதியே வைக்கப்பட்டிருக்கிறது!

யோசிக்க அவகாசம் கிடைத்தால் என்ன செய்வான்? கல்லூரி விளம்பரத்தில் இருக்கும் 'சராசரி சம்பளம்' பற்றி விசாரிப்பான். பத்துப் பேர் கொண்ட வகுப்பில் ஒன்பது பேருக்கு ஆண்டுக்கு 8 லட்சம், ஒருவருக்கு மட்டும் 1 கோடி என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 17.2 லட்சம்! அந்தச் சம்பளம் வாங்கும் ஆள் அந்த வகுப்பிலேயே கிடையாது. நாம் கேட்க வேண்டியது மீடியன் சம்பளம். அதாவது எல்லோரையும் சம்பள வரிசையில் நிற்க வைத்தால் நடுவில் நிற்பவர் வாங்குவது. இங்கே அது 8 லட்சம். மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்குக் கல்லூரிகள் கொடுக்கும் தகவல்களில் இந்த மீடியன் கணக்கும் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆனால், நாளை மறுநாள் கடைசித் தேதி என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும்போது எந்த அப்பா உட்கார்ந்து இதையெல்லாம் பார்ப்பார்?

இந்த ஏற்பாட்டில் எல்லோரும் ஒரே மாதிரி அவதிப்படுவதில்லை என்பதுதான் எனக்கு இன்னும் கோபம் தரும் விஷயம். வசதியான வீட்டுப் பிள்ளை இரண்டு கல்லூரியில் பணத்தைக் கட்டிப்போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கும். போனால் போகட்டும், இன்ஷூரன்ஸ் மாதிரி! இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு அது முடியாது. கல்விக் கடன் வாங்கலாமே என்பீர்கள். வங்கி முதலில் சேர்க்கைக் கடிதம் கேட்கும். பெரிய தொகை என்றால் பெரும்பாலும் பிணையும் கேட்கும். எல்லாம் முடிந்து பணம் வருவதற்குள் கல்லூரி சொன்ன தேதி தாண்டிவிடும். மிச்சம் இருப்பது அடகுக் கடை. அதுவும் முடியாதவர்கள், கையில் வந்த இடத்தை விட்டுவிடுகிறார்கள். அல்லது பணத்தைக் கட்டிவிட்டு, நல்ல இடம் பிறகு வந்தாலும் 'கட்டின பணம் போயிடுமே' என்று பயந்து அங்கேயே சேர்ந்துவிடுகிறார்கள். தகுதிக்கு மட்டுமே மரியாதை என்று பேசும் கல்வித் துறையில், கடைசி நேரத்தில் தீர்ப்பு சொல்வது அப்பாவின் பாஸ்புக்!

'பணத்தைத் திரும்பக் கொடுக்க விதி இருக்கிறதே' என்று கல்லூரிக்காரர்கள் சொல்வார்கள். இருக்கிறது. வகுப்பு தொடங்கும் முன் விலகினால் 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்கக் கூடாது என்பது ஏ.ஐ.சி.டி.இ. விதி. சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாட்கள் முன்னதாக விலகினால், 5,000 ரூபாய்க்கு மேற்படாத ஒரு தொகை போக மிச்சத்தைத் தந்துவிட வேண்டும் என்று யு.ஜி.சி. 2018-ல் சொன்னது. ஐ.ஐ.எம்.கள் தங்கள் விதியைத் தாங்களே எழுதிக்கொள்கின்றன. இருக்கட்டும். எல்லோரும் விதிப்படி ஒழுங்காகவே திருப்பித் தருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அடகு வைத்த நகைக்கு வட்டி யார் தருவார்கள்? முதலிலேயே கட்ட முடியாமல் ஒதுங்கிப்போன பிள்ளைக்கு இந்த விதியால் என்ன லாபம்? எல்லா முடிவுகளும் வரும் வரை பணமே கேட்கக் கூடாது என்பதுதான் நியாயமான விதியாக இருக்க முடியும்.

'ஒவ்வொரு கல்லூரியும் தனித்தனியாக நேர்காணல் நடத்துகிறது. எல்லாவற்றையும் எப்படி ஒன்றாக அறிவிப்பது?' அடுத்த கேள்வி இதுவாகத்தான் இருக்கும். இதற்குப் பதில் கிடைத்து எழுபது வருடங்களுக்கு மேலாகிறது.

அமெரிக்காவில் 1940-களில் மருத்துவமனைகள் இதே கூத்தைத்தான் அடித்தன. மருத்துவ மாணவர்களைப் படிப்பு முடிவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே வளைத்துப் போட்டன. பிறகு, 'சில மணி நேரத்தில் பதில் சொல், இல்லாவிட்டால் இடம் இல்லை' என்று நெருக்கின. எல்லோரும் நொந்துபோய் 1952-ல் ஒரு வழி செய்தார்கள். நேர்காணலை அவரவர் நடத்திக்கொள்ளலாம். ஆனால் மருத்துவமனைகள் தங்களுக்குப் பிடித்த மாணவர்களை வரிசைப்படுத்திக் கொடுக்க வேண்டும். மாணவர்கள் தங்களுக்குப் பிடித்த மருத்துவமனைகளை வரிசைப்படுத்திக் கொடுக்க வேண்டும். இரண்டையும் ஓர் இடத்தில் வைத்துப் பொருத்தம் பார்த்து, ஒரே நாளில் முடிவைச் சொல்லிவிடுவார்கள். இன்றும் அங்கே அப்படித்தான்.

ஜாதகப் பொருத்தம் மாதிரி இருக்கிறதே என்கிறீர்களா? டேவிட் கேல், லாயிட் ஷேப்லி என்ற இரண்டு கணித மேதைகள் 1962-ல் இதைப் பற்றி எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே கல்லூரிச் சேர்க்கையும் கல்யாணமும் சேர்ந்துதான் இருந்தன! இந்தத் துறையில் செய்த வேலைக்காக ஷேப்லிக்கும் ஆல்வின் ராத்துக்கும் 2012-ல் பொருளாதார நோபல் கிடைத்தது. சந்தை எப்படி இயங்குகிறது, எங்கே கெட்டுப்போகிறது என்று பாடம் நடத்துவதற்காகவே இருக்கும் கல்லூரிகள், தங்கள் வாசலில் நடக்கும் சந்தையை மட்டும் கண்டுகொள்ளாமல் இருப்பது என்ன நியாயம்?

அமெரிக்காவுக்குக்கூடப் போக வேண்டாம். நம் தமிழ்நாட்டில் 1997 முதல் பொறியியல் சேர்க்கைக்கு ஒற்றைச் சாளர முறை இருக்கிறது. அதற்கு முன்பு ஒவ்வொரு கல்லூரி வாசலாக ஏறி இறங்கிய பெற்றோரைக் கேட்டுப் பாருங்கள், அதன் அருமை தெரியும். டான்செட் எழுதி எம்.பி.ஏ. சேருகிறவர்களுக்கும் கவுன்சலிங்தான். ஐ.ஐ.டி., என்.ஐ.டி. இடங்களை 2015 முதல் ஒன்றாகவே ஒதுக்குகிறார்கள். புதிய ஐ.ஐ.எம்.களிலேயே சில ஒன்றுசேர்ந்து பொது நேர்காணல் நடத்துகின்றன. தேர்வு ஒன்று, சில இடங்களில் நேர்காணலும் ஒன்று. முடிவு மட்டும் ஏன் ஆளுக்கொரு நாள்?

'தன்னாட்சி' என்று பதில் வரும். 2004-ல் அப்போதைய மத்திய அமைச்சர் முரளி மனோகர் ஜோஷி, ஆண்டுக்கு 1.5 லட்சமாக இருந்த ஐ.ஐ.எம். கட்டணத்தை 30,000 ரூபாயாகக் குறைக்கச் சொன்னபோதும் தன்னாட்சிக் கொடிதான் பறந்தது. ஆட்சி மாறியதும் அந்த உத்தரவும் போயிற்று. இன்று ஐ.ஐ.எம். அகமதாபாத்தில் இரண்டு ஆண்டுப் படிப்புக்கு 25 லட்சத்துக்கு மேல். கட்டணத்தை உங்கள் இஷ்டப்படி வைத்துக்கொண்டீர்கள். நாலு கல்லூரிகள் கூடிப் பேசி ஒரு தேதியை முடிவு செய்வதை எந்தத் தன்னாட்சி தடுக்கிறது?

ஐ.ஐ.எம்.கள் எல்லாம் ஒரே நாளில் முடிவை அறிவிக்கட்டும். அந்த நாளுக்குப் பிறகு பத்து நாள் கழியும் வரை எந்தத் தனியார் கல்லூரியும் மாணவனிடம் ஒரு ரூபாய்கூடக் கேட்கக் கூடாது என்று ஏ.ஐ.சி.டி.இ.யும் யு.ஜி.சி.யும் உத்தரவு போடட்டும். இதற்குப் புதுக் கட்டடம் வேண்டாம், பட்ஜெட்டில் பணம் வேண்டாம். ஒரு காலண்டரும் கொஞ்சம் மனசும் போதும்.

அதுவரை பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பணம் கட்டுமுன், 'விலகினால் எவ்வளவு, எத்தனை நாளில் திரும்பி வரும்?' என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஒரிஜினல் சான்றிதழைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். அதைப் பிடித்துவைத்துக்கொள்ள அவர்களுக்கு உரிமை கிடையாது. எழுதித் தரத் தயங்கும் கல்லூரியா? பீரோவைப் பூட்டுங்கள்.