ஊரடங்கு முடிந்தது... மனசுக்குத் தளர்வு எப்போது?

‘தளர்வுகளுடன் கூடிய ஊரடங்கு’ - இந்த அறிவிப்பைக் கேட்காதவர் தமிழ்நாட்டில் இருக்க முடியாது. 2020 மார்ச் 25-ல் நாடு முழுவதும் தொடங்கிய ஊரடங்கு, படிப்படியாகத்தான் விலகியது. 2023 மே 5-ல் உலக சுகாதார நிறுவனமும் கரோனாவுக்கான சர்வதேச அவசர நிலையை முடித்துக்கொண்டது. ஏட்டளவில் எல்லாம் சரி. ஆனால், பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் இருமினால் உடம்பு தானாக விலகுகிறதே, அது ஏன்?

கதவுகள் திறந்த கதை

திருச்சியையே பார்க்கலாம். 2020 மார்ச்சில் பக்தர்களுக்கு மூடப்பட்ட ஸ்ரீரங்கம் கோயில் செப்டம்பர் 1-ல் திறந்தது. இரண்டாம் அலையில், 2021 ஏப்ரலில் மறுபடி மூடல். ஜூலை 5-ல் திறப்பு. ஆகஸ்டில் வெள்ளி, சனி, ஞாயிறு தரிசனம் நின்றது. அக்டோபர் நடுவில்தான் அந்தத் தடையும் நீங்கியது. காந்தி மார்க்கெட்டின் மொத்த வியாபாரம் ஜி கார்னர் மைதானத்துக்குப் போய், பல மாதம் கழித்தே திரும்பியது. பள்ளிகளிலும் 9 முதல் 12 வரை 2021 செப்டம்பர் 1, சின்னப் பிள்ளைகளுக்கு நவம்பர் 1.

கதவுகளுக்கே இத்தனை கட்டம் தேவைப்பட்டது. மனசு மட்டும் ஒரே ராத்திரியில் பழையபடி ஆகிடணும்னா எப்படி?

மனசு ஏன் தயங்குகிறது?

ஆபத்தை மூளை சட்டென்று கற்றுக்கொள்ளும், மறக்கத்தான் நாளாகும். கூட்டத்தைத் தவிர்த்தால் உடனே நிம்மதி கிடைக்கிறது. ‘தவிர்த்தது சரிதான்’ என்று அந்த நிம்மதியே அடுத்த முறையும் சொல்லும். பயம் குறையாமல் நிற்பது இப்படித்தான். பெருந்தொற்றின் முதல் ஆண்டில் உலக அளவில் மனப்பதற்றமும் மனச்சோர்வும் 25% கூடியதாக உலக சுகாதார நிறுவனம் சொன்னது. எனவே, இது யாரோ ஒருவரின் பலவீனம் அல்ல.

பயமா, விருப்பமா?

திருச்சி மாவட்டத்தின் மருங்காபுரி போன்ற பகுதிகளிலிருந்து சென்னை, பெங்களூரு போனவர்கள், லேப்டாப்போடு ஊர் திரும்பிய காலம் அது. பிறகு ‘ஆபீஸுக்கு வாங்க’ என்று மெயில் வந்ததும் வயிறு கலங்கியது. இங்கே ஒரு கேள்வி முக்கியம்: போகப் பயமா, ஊரில் இருக்கப் பிடித்திருக்கிறதா? பிடித்திருந்தால், அதில் குற்ற உணர்வுக்கு வேலை இல்லை. நிறுவனத்திடம் பேச வேண்டிய விஷயம் அது. பயம் என்றால், அதற்கும் கட்டம் கட்டமாகத் தளர்வு தேவை.

என்ன செய்யலாம்?

* முதலில் கூட்டம் குறைந்த நேரத்தில் கடைக்குப் போகலாம். பிறகு சந்தை, அதன்பிறகு கல்யாண மண்டபம். பதற்றம் தணியும்வரை அங்கேயே இருப்பது முக்கியம். பாதியில் ஓடிவந்தால் பயம்தான் ஜெயிக்கும்.
* மாஸ்க் போட்டவரைக் கிண்டல் செய்ய வேண்டாம். வீட்டில் வயதானவரோ நோயாளியோ இருக்கலாம்.
* விட்டுப்போன துக்கத்தை விசாரிக்கலாம். இறுதிச் சடங்குக்கு 20 பேர் என்று வரம்பு இருந்த நாட்களில் முகம்கூடப் பார்க்காமல் வழியனுப்பிய குடும்பங்கள் ஏராளம். ‘இவ்வளவு நாள் கழிச்சு எப்படிப் போறது?’ என்று தயங்க வேண்டாம். போய் உட்கார்ந்தாலே போதும். இரண்டு பக்கமும் பாரம் குறையும்.

தூக்கம், சாப்பாடு, வேலை மூன்றும் வாரக்கணக்கில் கெட்டால் தள்ளிப்போடக் கூடாது. 104, டெலிமானஸ் 14416 ஆகிய எண்களில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. காய்ச்சலுக்கு டாக்டரைப் பார்க்கக் கூச்சப்படாதவர்கள், இதற்கும் கூச்சப்பட வேண்டியதில்லை.