மறுப்புக் கடிதத்தில் சாதி இருக்காது

“தம்பி, அந்த ஏரியா வேணாம். நெகட்டிவ்.”

மேனேஜர் இதைச் சொன்னபோது நான் வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. ஒரு வீட்டுக்கடன் நிறுவனத்தில் ஃபீல்டு வேலை. வண்டலூரிலிருந்து கூடுவாஞ்சேரி வரை ஜி.எஸ்.டி. சாலையின் இரு பக்கமும் சுற்றி, கடன் கேட்பவரின் வீட்டைப் பார்த்து, ஃபைல் வாங்கி வர வேண்டும். அவர் காட்டிய பட்டியலில் எட்டுப் பத்துப் பெயர்கள் இருந்தன. பெரும்பாலானவை ‘காலனி’ என்று முடிந்தன. அதில் ஒன்று நான் பிறந்து வளர்ந்த தெரு. அவருக்கு அது தெரியாது. நானும் சொல்லவில்லை. அந்த மௌனத்துக்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

அடுத்த ஆண்டு அப்பா, மாடியில் ஓர் அறை கட்ட 5 லட்சம் ரூபாய் கேட்டு வேறொரு வங்கிக்குப் போனார். நிரந்தர வேலை, மாதச் சம்பளம், வேறு கடன் இல்லை. வங்கியின் வக்கீல் ஃபைலைப் புரட்டினார். எங்கள் மனை ஆதிதிராவிடர் நலத்துறை கொடுத்த நிபந்தனைப் பட்டா. மூலப் பத்திரம் இல்லை. விற்றால் யார் வாங்குவார்கள் என்ற கேள்விக்கு வங்கியிடம் பதில் இல்லை. எழுத்தில் எதுவும் தரவில்லை. “சரிப்பட்டு வராதுங்க ஐயா” என்று மட்டும் சொல்லி அனுப்பினார்கள். அதே வாரம் சாலைக்கு எதிர்ப்பக்கம் புதிதாகப் போட்ட லேஅவுட்டில், அப்பாவின் சம்பளமே வாங்கும் ஒருவருக்கு ஒன்பது நாளில் கடன் வாங்கிக் கொடுத்தேன்.

அப்பா அந்த அறையைக் கட்டாமல் விடவில்லை. நூற்றுக்கு மூன்று வட்டிக்கு வெளியில் வாங்கினார். கணக்கைப் பாருங்கள். 5 லட்சத்துக்கு வங்கியில் 9 விழுக்காடு வட்டி, பத்து ஆண்டுத் தவணை என்றால் மாதம் ஏறத்தாழ 6,300 ரூபாய். அதில் வட்டியும் அடையும், அசலும் அடையும். வெளியில் வாங்கிய கடனுக்கு வட்டி மட்டும் மாதம் 15,000 ரூபாய். அசல் அப்படியே நிற்கும். இந்த இடைவெளிக்குப் பொருளாதார நூல்கள் ‘ரிஸ்க்’ என்று பெயர் வைத்திருக்கலாம். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் சாதி வரி.

இதைச் சொன்னால் முற்போக்கு நண்பர்களே மறுக்கிறார்கள். “வங்கி சாதியைப் பார்க்கவில்லை தோழர், பத்திரத்தைத்தான் பார்க்கிறது. வக்கீலும் போலீஸ்காரரும்கூட நெகட்டிவ் லிஸ்டில் உண்டு.” உண்டுதான். வக்கீல் தொழிலை மாற்றிக்கொண்டால் பட்டியலிலிருந்து வெளியேறலாம். நான் எந்தத் தொழிலுக்குப் போனால் என் தெரு பட்டியலிலிருந்து வெளியேறும்? பத்திரத்தைப் பார்க்கிறார்கள் என்பதும் உண்மை. அப்படியானால் அந்தப் பத்திரம் ஏன் எங்களிடம் இல்லை என்பதையும் பார்க்க வேண்டும் அல்லவா?

அந்தக் கதை தொடங்கியது இதே செங்கல்பட்டில்தான். 1891-ல் செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்கீர், இந்த மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலை குறித்து அரசுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். சாகுபடி நிலம் இருக்கட்டும், குடிசை நிற்கும் மனைகூட அவர்களுக்கு உறுதியில்லை, மிராசுதார் நினைத்தால் கிளப்பிவிடலாம் என்பது அவர் கண்ட நிலைமை. 1892-ல் வந்த அரசாணையின் வழியே சென்னை மாகாணத்தில் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒதுக்கப்பட்டதாகச் சொல்லப்படும் 12 லட்சம் ஏக்கர்தான் பஞ்சமி நிலம். பத்து ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை.

நிலம் ஆதிக்கச் சாதிகளின் கைக்குப் போய்விடாமல் காக்கத்தான் அந்த நிபந்தனை. ஆனால் நடந்தது என்ன? பஞ்சமி நிலத்தின் பெரும்பகுதி பறிபோனது. அதை மீட்கக் கேட்டதற்காக 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் காவல்துறை சுட்டதில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிர்விட்டார்கள். பறித்தவனை எந்த நிபந்தனையும் தடுக்கவில்லை. பின்னால் அரசு தந்த வீட்டுமனைப் பட்டாக்களிலும் இதே போன்ற நிபந்தனை ஒட்டிக்கொண்டது. இன்று அது தடுப்பது ஒருவரை மட்டும்தான்: அந்த மனையில் நியாயமாகக் குடியிருந்துகொண்டு, வங்கிக் கதவைத் தட்டும் என் அப்பாவை.

இந்தியாவில் வீட்டுச் சந்தையை ஆராய்ந்த பொருளாதார அறிஞர்கள் ஏராளம். எத்தனை லட்சம் வீடு பற்றாக்குறை, சதுர அடி என்ன விலை, வட்டி கால் விழுக்காடு குறைந்தால் எத்தனை ஃபிளாட் விற்கும் என்று எல்லாம் சொல்வார்கள். வீடு கேட்டு வந்தவரின் சாதி என்ன என்பது அவர்களின் அட்டவணையில் வராது. அதை அட்டவணைக்குள் கொண்டுவர, அந்த அடியை வாங்கிய சமூகத்திலிருந்து ஒரு பொருளாதார அறிஞர் வர வேண்டியிருந்தது.

முதலில் வந்தவர் அம்பேத்கர். கொலம்பியாவில் பொருளாதாரம் படித்துவிட்டு 1917-ல் பரோடா சமஸ்தான வேலைக்குப் போனவருக்கு அந்த ஊரில் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரில் தங்கினார். பதினோராம் நாள் தடியோடு வந்த கூட்டம் வெளியேறச் சொன்னது. நண்பர்கள் இருவரிடம் கேட்டும் இடம் கிடைக்காமல், ரயில் வரும்வரை பூங்காவில் உட்கார்ந்திருந்ததை அவரே எழுதியிருக்கிறார். அடுத்த ஆண்டே இந்தியாவின் சிறு நில உடைமைகள் குறித்து ஆய்வுக் கட்டுரை வெளியிட்டவர் அவர். நாட்டின் நிலப் பிரச்சினையை ஆராயும் தகுதி இருந்தது. நான்கு சுவருக்குள் ஓர் இரவு படுக்கும் ‘தகுதி’ இல்லை.

அடுத்து வந்தவர் சுகதேவ் தோரட். அம்பேத்கர் உருவாக்கிய அவுரங்காபாத் மிலிந்த் கல்லூரியில் படித்து, ஜே.என்.யு.வில் பொருளாதாரம் கற்பித்து, பல்கலைக்கழக மானியக் குழுவின் தலைவராகவும் இருந்தவர். சந்தை சாதி பார்க்காது என்ற பாடத்தைச் சோதித்துப் பார்ப்பதையே தன் ஆய்வு வாழ்க்கையாகக் கொண்டார். 2007-ல் பால் அட்வெலுடன் சேர்ந்து வெளியிட்ட ஆய்வுக்காக, தகுதி ஒன்றாகவும் பெயர் மட்டும் வேறாகவும் உள்ள வேலை விண்ணப்பங்களைத் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பிப் பார்த்தார். தலித் பெயருக்கும் முஸ்லிம் பெயருக்கும் அழைப்பு குறைந்தது. பிறகு அதே சோதனையை வாடகை வீட்டுக்குக் கொண்டுவந்தார். டெல்லியிலும் நொய்டா, குருகிராம், ஃபரீதாபாத், காஜியாபாத்திலும் வீடு தேட ஆட்களை அனுப்பினார். முடிவு 2015-ல் எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லியில் வந்தது. உயர்சாதிப் பெயரோடு போனவர்களுக்குக் கதவு திறந்தது. தலித்துகளுக்கு மூடியது, முஸ்லிம்களுக்கு இன்னும் அதிகமாக மூடியது. கிடைத்த சிலருக்கும் நிபந்தனைகளோடுதான் கிடைத்தது. போனில் கேட்டபோது இருந்ததைவிட நேரில் போனபோது மறுப்பு கூடியது.

அந்தக் கடைசி வரியைப் படித்தபோது எனக்குப் பெருங்களத்தூர் நினைவுக்கு வந்தது. போனில் “வாங்க தம்பி, வந்து பாருங்க” என்ற வீட்டுக்காரம்மா, நேரில் பார்த்ததும் “சொந்த ஊர் எது, அப்பா பேர் என்ன, நான்வெஜ் சமைப்பீங்களா” என்று கேட்டார். மறுநாள் “சொந்தக்காரங்களுக்குக் கொடுத்துட்டோம்” என்றார். ஒரு மாதம் கழித்தும் அந்த கேட்டில் ‘டு-லெட்’ பலகை தொங்கிக்கொண்டிருந்தது. இதை நான் சொன்னால் தாழ்வு மனப்பான்மை என்பார்கள். தோரட் சொன்னால் ஆதாரம் ஆகிறது. ஆய்வின் பயன் அதுதான்.

“அது வடநாட்டுக் கதை, இது பெரியார் மண்” என்று கிளம்புபவர்களுக்கு ஒன்று. 2001 கணக்கெடுப்பை வைத்து, சென்னை உள்பட நாட்டின் ஏழு பெருநகரங்களை ஆராய்ந்த திரினா விதயத்திலும் காயத்ரி சிங்கும் 2012-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். வசதி பார்த்துப் பிரிந்து வாழ்வதைவிடச் சாதி பார்த்துப் பிரிந்து வாழ்வதே இந்த நகரங்களில் அதிகம் என்பது அவர்கள் கண்டது. பெருநகரம் வந்தால் சேரி கரைந்துவிடும் என்ற நம்பிக்கை அங்கேயே பொய்த்துவிட்டது.

அரசு தன் பங்குக்கு என்ன செய்தது? கூவம், அடையாறு கரைகளில் இருந்த உழைக்கும் மக்களைப் பெயர்த்தெடுத்து கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று தெற்கே கொட்டியது. பெரும்பாக்கத்தில் மட்டும் ஏறத்தாழ 20 ஆயிரம் வீடுகள். 2021-ல் குடிசை மாற்று வாரியத்தின் பெயரை நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாற்றினார்கள். முகவரிக்கு ஒட்டிய களங்கம் மாறவில்லை. கண்ணகி நகர் என்று சொன்னால் வேலை கிடைப்பதில்லை என்று அந்தப் பிள்ளைகள் ஆண்டுக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஊர் சேரியைத் தள்ளி வைத்தது. அரசு அதையே அடுக்குமாடியாகக் கட்டிக் கொடுத்தது.

அமெரிக்காவில் 1930-களில் அரசு நிறுவனமே வரைபடத்தில் கறுப்பர் குடியிருப்புகளைச் சிவப்பால் குறித்தது. சிவப்பு விழுந்த தெருவுக்குக் கடன் வராது. போராட்டங்களின் விளைவாக 1968-ல் வீட்டுப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் வந்தது. 1975-ல் வங்கிகள் எந்தப் பகுதிக்குக் கடன் தருகின்றன என்பதை வெளியிட வேண்டும் என்று சட்டம் வந்தது. 1989-ல் விண்ணப்பித்தவரின் இனத்தையும், மறுத்தார்களா என்பதையும் சேர்த்தார்கள். அந்தத் தரவை வைத்துத்தான் பாஸ்டன் ஃபெடரல் ரிசர்வ் வங்கியின் பொருளாதார அறிஞர் அலிசியா மனெலும் குழுவினரும், வருமானம், கடன் வரலாறு எல்லாவற்றையும் ஒப்பிட்ட பிறகும் கறுப்பர், ஹிஸ்பானியர் விண்ணப்பங்களுக்கு மறுப்பு ஏறத்தாழ 8 விழுக்காட்டுப் புள்ளி கூடுதல் என்று காட்டினார்கள். அங்கே இனவெறி ஒழிந்துவிடவில்லை. ஆனால் மறைக்க முடியாமல் போனது.

இங்கே அப்படி ஒரு தரவு மக்கள் பார்வைக்கு வருவதில்லை. பள்ளிச் சேர்க்கைப் படிவத்திலேயே சாதியைக் கேட்கும் நாட்டில், எந்தச் சாதியின் வீட்டுக்கடன் விண்ணப்பத்தை எந்தக் கிளை எத்தனை முறை மறுத்தது என்று மட்டும் யாரும் வெளியிட மாட்டார்கள். அந்த இருட்டில்தான் என் மேனேஜரின் பட்டியல் உயிர் வாழ்கிறது.

எனவே நாம் கேட்க வேண்டியவை மூன்று. கிளை வாரியாக, சாதி வாரியாக வீட்டுக்கடன் விண்ணப்பமும் மறுப்பும் வெளியிடப்பட வேண்டும். நிபந்தனைப் பட்டாவில் இருப்பவருக்கு, நிபந்தனையை நீக்காமலே, அரசு பிணை நின்று கடன் வாங்கித் தர வேண்டும். நிபந்தனையை எடுத்தால் அடுத்த மாதமே ரியல் எஸ்டேட்காரன் வாசலில் நிற்பான். வாடகைச் சந்தையில் சாதி, மத மறுப்பைத் தண்டிக்கும் தெளிவான சட்டம் வேண்டும்.

சட்டம் வரும்வரை ஒரு வேலை நம் கையில் இருக்கிறது. பட்டியல் சாதி, பழங்குடியினரின் கடன் விண்ணப்பத்தைக் கிளை அளவில் மறுக்கக் கூடாது, அடுத்த மேல்நிலை அதிகாரிதான் மறுக்கலாம், காரணத்தையும் தெளிவாகக் குறிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. என் அப்பாவுக்கு அது தெரியாது. கடன் நிறுவனத்தில் வேலை பார்த்த எனக்கே அன்று தெரியாது. உங்கள் அம்மாவோ அப்பாவோ வங்கிக்குப் போனால் கூடப் போங்கள். “சரிப்பட்டு வராது” என்றால், எழுதிக் கொடுங்கள் என்று கேளுங்கள். அந்தக் கடிதத்தில் சாதி இருக்காதுதான். ஆனால் ஒரே தெருவிலிருந்து ஐம்பது கடிதங்களை ஒன்றாக அடுக்கினால், எழுதாமல் விட்டது என்னவென்று எல்லாருக்கும் தெரியும்.

என் தெருவில் சேகரிக்கத் தொடங்கிவிட்டேன். இப்போதைக்கு ஏழு இருக்கின்றன.