குழாய்க்குள் போன கருவி

கருவி இல்லாமல் தொழிலாளி இல்லை. பால்மரம் வெட்டுகிறவருக்கு உளி. புல் வெட்டுகிறவருக்குக் கத்தி. வீட்டுக் கழிவுக் குழாயில் அடைப்பு எடுக்கிறவருக்குச் சுருள்கம்பி. உளி தொலைந்தால் மரத்தடியில் தேடி எடுத்துவிடலாம். சுருள்கம்பி குழாய்க்குள் அறுந்து விழுந்தாலோ கண்ணுக்கும் தெரியாது, கைக்கும் எட்டாது. அந்த வீட்டையும் அடுத்த வீட்டையும் அது சும்மாவும் விடாது. “இதையெல்லாமா தொழிலாளர் பத்திரிகையில் எழுதுவது?” என்று சிலர் கேட்கலாம். எழுதத்தான் வேண்டும். காரணத்தைச் சொல்வோம்.

பத்து காவானை எடுத்துக்கொள்வோம். ஒரு காலத்தில் கரும்பும், பின்னர் தென்னை, ரப்பர், செம்பனையும் நின்ற மண் அது. 2014-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் பினாங்கின் இரண்டாவது பாலம் திறக்கப்பட்டது. 24 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாலம் தீவின் பத்து மாவுங்கிலிருந்து புறப்பட்டு இங்கேதான் வந்து இறங்குகிறது. இன்று அங்கே தொழிற்சாலைகள், கடைகள், அடுக்குமாடி வீடுகள். தோட்டத்து மக்களின் பிள்ளைகள் பலர் இப்பொழுது இத்தகைய மாடிகளில்தான் குடியிருக்கிறார்கள்.

லயத்து வாழ்க்கையில் குறைகள் ஆயிரம் இருந்தன. ஆனால் லயத்தின் ஓரமாக ஓடிய கால்வாய் திறந்து கிடந்தது. கரண்டி விழுந்தாலும் கத்தி விழுந்தாலும் ஒரு குச்சியால் இழுத்து எடுத்துவிடலாம். மாடி வீட்டில் கழிவுநீர் சுவருக்குள்ளும் தரைக்கு அடியிலும் மறைந்து ஓடுகிறது. மாடிக்கு மாடி பல குடும்பங்களின் கழிவு ஒரே செங்குத்துக் குழாயில் இறங்குகிறது. மேலே ஒருவர் போட்டதைக் கீழே இன்னொருவர் அனுபவிக்க வேண்டியிருக்கிறது. குழாய்க்குள் தங்கிய சிறு கம்பித் துண்டில் முதலில் முடி சிக்கும். பிறகு துணி நூல் சிக்கும். அதன்மேல் சமையல் எண்ணெய் உறையும். சில வாரங்களில் வழி அடைபட்டுக் கீழ்மாடி வீட்டின் குளியலறைக்குள் ஊரார் கழிவு பொங்கி வரும். கைக்குழந்தை தவழும் வீடாக அது இருந்தால் என்ன ஆவது?

இவ்வளவு கேடும் விளைவதற்குக் கருவி உள்ளே விழுந்தது மட்டும் காரணமன்று. விழுந்ததைச் சொல்லாமல் மறைத்ததே பெரிய காரணம். மறைப்பது ஏன்? பயம்! கம்பியின் விலையைக் கூலியில் பிடித்துவிடுவார்களோ, வேலையை விட்டு நிறுத்திவிடுவார்களோ என்று குத்தகைத் தொழிலாளி பயப்படுகிறார். குழாயை உடைக்கும் செலவு தன் தலையில் விழுமோ என்று குடியிருப்பவர் பயப்படுகிறார். ஆகவே இருவரும் வாய் திறப்பதில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா? முடியாது என்பதைக் கீழ்வீட்டார் அறிவர்.

கம்பி அறுவது பெரும்பாலும் கையின் குற்றமன்று. 1930-களில் அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில், டெ மாயின் நகரத்துச் சாமுவேல் பிளாங்க் என்பவர், மகன் வீட்டுக் குழாய் அடைத்துக்கொண்டதால் ஓர் இயந்திரம் செய்தார். துணி துவைக்கும் இயந்திரத்தின் மோட்டார், காலில் கட்டி உருளும் சறுக்குச் சக்கரங்கள், எஃகுச் சுருள்கம்பி ஆகியவற்றை இணைத்துச் செய்தது அது. இன்று மோட்டாரில் ஓடும் கருவிகளும் அதே முறையில்தான் வேலை செய்கின்றன. எஃகுக்கும் ஆயுள் உண்டு. வளைவுகளில் புகுந்து புகுந்து அது களைத்துப்போகிறது. கழிவுநீர் பட்டுத் துருப்பிடிக்கிறது. ஒரு முறை மடங்கிய இடத்தில் மறு முறை அறுந்துபோகிறது. கழுவி எண்ணெய் போட நேரம் கொடுப்பதும், வயதான கம்பியை மாற்றிக் கொடுப்பதும் வேலை கொடுப்பவரின் பொறுப்பு அல்லவா?

சரி, கருவி உள்ளே போய்விட்டது. என்ன செய்வது? முதலில் தண்ணீரை நிறுத்த வேண்டும். மேல்மாடிக்காரர்களுக்கும் சொல்லி நிறுத்த வேண்டும். பாயும் நீர் கருவியைச் சிறு குழாயிலிருந்து பெருங்குழாய்க்குத் தள்ளிவிடும். பாத்திரம் கழுவும் தொட்டியில் விழுந்தது என்றால் கவலை குறைவு. தொட்டிக்கு அடியில் வளைந்து நீர் தேங்கி நிற்கும் பகுதியிலேயே அது பெரும்பாலும் கிடக்கும். கீழே வாளி வைத்து, மறையைக் கழற்றி எடுத்துவிடலாம்.

சுருள்கம்பி அறுந்தது என்றால், கையில் மிஞ்சிய துண்டை அளக்க வேண்டும். முழு நீளத்திலிருந்து அதைக் கழித்தால் உள்ளே கிடப்பது எவ்வளவு என்று தெரியும். எவ்வளவு தூரம் உள்ளே விட்டிருந்தோம் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் கிடக்கும் இடமும் ஏறக்குறைய விளங்கும். அறுகாமல் சிக்கியிருந்தால் வலுவாக இழுக்கக்கூடாது. சிறிதளவு எதிர்ப்பக்கம் திருப்பி விடுவித்து, பிறகு வழக்கம்போல் சுழற்றிக்கொண்டே வெளியே எடுப்பது நலம். நெடுநேரம் எதிர்ப்பக்கம் சுழற்றினால் சுருள் பிரிந்து முடிச்சு விழுந்துவிடும்.

அறுந்ததை மீட்கக் கொக்கி முனையுள்ள கம்பி உண்டு. பி.வி.சி. குழாயில் கயிற்றில் கட்டிய காந்தமும் உதவும்; இரும்புக் குழாயில் காந்தம் குழாயிலேயே ஒட்டிக்கொள்ளும். இவையெல்லாம் பலிக்காவிட்டால், இடத்தைக் கண்டு குழாயை வெட்டி எடுத்து, இணைப்பு வைத்து ஒட்டிவிடலாம். தரை முழுவதையும் தோண்டுவதைவிட இது எவ்வளவோ சிக்கனம்.

செய்யக்கூடாதவை இரண்டு. அமிலமோ காரமோ ஊற்றக்கூடாது. அடைப்பு எடுக்க விற்கும் மருந்து இரும்புக் கம்பியைக் கரைத்துவிடாது. பின்னர் குழாயைத் திறக்கும் தொழிலாளியின் கையையும் கண்ணையும்தான் சுடும். அமிலத்தோடு வெளுக்கும் மருந்து கலந்தால் நச்சுவாயு கிளம்பும். அடுத்து, கருவியைத் தேடி எவரும் சாக்கடைக் குழிக்குள் இறங்கக்கூடாது. அங்கே தேங்கும் வாயு அதிகமானால் மூக்கு நாற்றத்தையே உணராது. ஆள் விழுந்த பிறகுதான் தெரியும். ஒரு கம்பிக்காக ஓர் உயிரா?

இனி, சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் நம்மவர் தெரிந்துகொள்ள வேண்டும். 1955-ஆம் ஆண்டின் வேலைச் சட்டம் 24-ஆம் பிரிவின்படி, சட்டம் அனுமதித்த காரணங்களுக்கு அன்றி வேறு எதற்காகவும் கூலியில் பிடித்தம் செய்ய முடியாது. “கம்பி போயிற்று, காசு போயிற்று” என்று மேற்பார்வையாளர் தாமாகவே கணக்கு எழுத இடமில்லை. பாதுகாப்புக் குறையை எடுத்துச் சொன்ன தொழிலாளியைப் பழிவாங்குவதை 1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் தடுக்கிறது. முதலாளி கொடுத்த குடியிருப்பைப் பழுதுபார்த்து வைப்பது முதலாளியின் கடமை என்று 1990-ஆம் ஆண்டின் தொழிலாளர் குடியிருப்புச் சட்டம் விதிக்கிறது. அடுக்குமாடியில் பல வீடுகளுக்குப் பொதுவான குழாயோ பொதுச் சொத்து. 2013-ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிர்வாகச் சட்டப்படி அதைப் பராமரிப்பது நிர்வாகத்தின் வேலை. மாதாமாதம் பராமரிப்புப் பணம் வாங்குவது எதற்காக?

ஆகவே நாம் கேட்பவை மூன்று. முதலாவது, கருவி விழுந்ததை அன்றே சொன்னவருக்கு அபராதமும் இல்லை, வசையும் இல்லை என்று ஒவ்வொரு நிர்வாகமும் எழுத்தில் அறிவிக்க வேண்டும். இரண்டாவது, குழாய் திரும்பும் இடந்தோறும் திறந்து பார்க்கும் மூடி இருக்க வேண்டும். அந்த மூடியைச் சிமெண்டு பூசி மறைக்கக்கூடாது. மூன்றாவது, தேய்ந்த கம்பியைக் கொடுத்து வேலை வாங்கும் வழக்கம் ஒழிய வேண்டும்.

நம்மவருக்கும் ஒரு வார்த்தை. விழுந்தது தெரிந்தவுடன் சொல்லுங்கள். சொன்ன தேதியையும் யாரிடம் சொன்னீர்கள் என்பதையும் குறித்து வையுங்கள். பக்கத்து வீட்டார் வந்து சொன்னால் சண்டைக்குப் போகாமல் சேர்ந்து நிர்வாகத்திடம் செல்லுங்கள். ஒரே குழாயில் பிணைக்கப்பட்டவர்கள் ஒரே குரலில் பேசினால் காரியம் நடக்கும்.